ஆர்டர் தாளில் இருந்த விறைப்பு

அமெரிக்கப் பெரிய கார் நேர்ச்சாலைக்குத்தான் லாயக்கு, வளைவு வந்தால் சாய்ந்து படுத்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. மிச்சிகனில் பழைய கார்களின் அடிப்பாகத்தைச் செப்பனிடுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கார்களுக்குக் கீழே படுத்துப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒழுங்காகத் திரும்பும் காரை டெட்ராய்ட் விற்றுக்கொண்டுதான் இருந்தது. கேட்டு வாங்க ஆள் குறைவு, அவ்வளவே.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஷோரூமில் விலைபோனது மெத்தைச் சுகம். மென்மையான ஸ்பிரிங், தளர்வான ஷாக் அப்சார்பர். மேடு ஏறி இறங்கினால் படகு மாதிரி இரண்டு ஆட்டம் ஆடித்தான் அடங்கும். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறவருக்கு அது பிடித்துப்போகும். டீலரும் அப்படிப்பட்ட காரையே வரவழைத்து நிறுத்துவார். ஆனால் அதே காரின் ஆர்டர் தாளில் ஹெவி டியூட்டி சஸ்பென்ஷன் என்று ஒரு வரி இருக்கும். டிரெய்லர் இழுப்பவர்கள், டாக்ஸிக்காரர்கள், போலீஸ் இலாகாக்கள் அந்த வரியைத் தேடிப் படித்தார்கள். குடும்பஸ்தர்கள் பெரும்பாலும் வண்ணத்தையும் ரேடியோவையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

கிரைஸ்லர் இதில் தனி வழி. 1957 முதல் தன் கார்களின் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங்கைக் கைவிட்டு டார்ஷன் பார் பொருத்தியது. காரின் நீளவாக்கில் கிடக்கும் எஃகுத் தண்டு அது. சக்கரம் எழும்போது முறுக்கிக்கொள்ளும், இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்பும். தண்டின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு 46 சதவீதம் ஏறிவிடும். சாதாரணத் தண்டும் போலீஸ் தண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அளந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸ் 1969இல் வாங்கிய கிரைஸ்லரின் டாட்ஜ் போலாரா, 440 கன அங்குல எஞ்சினோடு அத்தனை வேகத்தில் தரையை விடாமல் ஓடியதில் இந்தக் கீழ்ப்பக்கச் சாமான்களுக்கும் பெரும் பங்கு உண்டு. பேர் வாங்கியதென்னவோ எஞ்சின் மட்டும்தான்.

எனக்கு மிகப் பிடித்தது செவர்லேயின் எஃப்41. அறுபதுகளிலேயே இருந்த இந்த சஸ்பென்ஷன் ஆர்டர் குறியீட்டுக்கு 1977இல்தான் ஏற்ற கார் அமைந்தது. அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களைச் சுருக்கியது. அவற்றில் ஒன்றான செவர்லே கப்ரீஸின் சக்கர இடைவெளி 121.5 அங்குலத்திலிருந்து 116க்கு இறங்கியது. மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அதையே ஆண்டின் காராகத் தேர்ந்தெடுத்தது. எஃப்41 கேட்டவருக்கு விறைப்பான ஸ்பிரிங், ஷாக், முன்பக்கம் தடித்த ஸ்டெபிலைசர் பார், பின்பக்கம் இன்னொரு பார்.

அந்தப் பின்பக்க பாரை நான் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அலுப்பதில்லை. வளைத்த எஃகுக் கம்பிதான். பின் அச்சின் இரு கீழ்க்கைகளிலும் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது சும்மா கூடவே எழும்பும், சுகம் கெடாது. வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் முறுக்கேறிச் சாய்வைத் தடுக்கும். முன்பாரம் அதிகமுள்ள காரில் அதனால் இன்னொரு லாபமும் உண்டு: சாய்வைத் தாங்கும் பொறுப்பில் ஒரு பங்கைப் பின்டயர்கள் ஏற்றுக்கொள்வதால், முன்டயர்கள் திருப்பத்தை விட்டு வெளியே வழுக்கும் பழக்கம் குறைகிறது. ஒரு கம்பியில் இவ்வளவு யோசனையா என்று இன்றும் வியக்கிறேன்.

இதே உடம்பில் இன்னும் கடுமையான சாமான்களோடு வந்தது 9சி1 என்ற போலீஸ் கார். மிச்சிகன் மாநிலப் போலீஸ் ஆண்டுதோறும் வண்டிகளைச் சோதிக்கும்போது, நேர் ஓட்டத்தோடு விடாமல் கிராட்டன் பந்தயத் தடத்தின் வளைவுகளிலும் ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டமும் திருப்பமும் ஒரே காரில் வேண்டும் என்று கறாராகக் கேட்ட வாடிக்கையாளர் அவர்கள்தான். 1996 இறுதியில் கப்ரீஸ் நின்றது. அது தயாரான ஆர்லிங்டன் ஆலை பெரிய எஸ்யூவிகளுக்கு மாறியது. போலீஸ் வேலையில் அதன் போட்டியாளரான ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா 2011 வரை தாக்குப்பிடித்தது.

இப்போது பழைய கப்ரீஸ் வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்பதுகளின் பிற்பகுதிக் கார் என்றால் டிக்கி மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் எஃப்41 இருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் விற்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். டார்ச் எடுத்துக்கொண்டு பின்னச்சுக்குக் கீழே குனிந்து அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.