விலைக்குச் சிறகு! கூலிக்கு விலங்கு!

"கலி முற்றிவிட்டது, காலம் கெட்டுவிட்டது" என்கிறார் வைதிகர். "தேவைக்கும் வரத்துக்கும் உள்ள இயற்கை விதி இது" என்கிறார் பொருள்நூல் கற்ற மேதை. ஒருவர் தலைவிதியைக் காட்டுகிறார். மற்றவர் சந்தை விதியைக் காட்டுகிறார். சுட்டும் விரல்தான் வேறு, சொல்லும் முடிவு ஒன்றே: மனிதன் கையில் ஏதுமில்லை, பொறுத்துக்கொள்!

பொறுத்துக்கொள்வது யார்? மாதம் பிறந்ததும் வாங்கிய சம்பளம் இருபதாம் நாளே கரைந்துபோக, எஞ்சிய பத்து நாட்களுக்கு அடுப்பெரிக்க வழி தேடுகிறாளே, அந்தத் தாய். அவளிடம் சென்று இயற்கை விதியைப் போதிப்பது எளிது. அந்த விதியை எழுதிய கை எது என்று பார்ப்பதுதான் பகுத்தறிவாளர் கடமை.

விலை ஏறுவதற்குக் காரணங்கள் பல. மழை பொய்க்கும், போர் மூளும், மக்கள்தொகை பெருகும், அரசு நாணயத்தைக் கெடுக்கும். அவற்றுள் சில மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். விலையோடு சேர்ந்து கூலி ஏறாததற்குக் காரணம் என்ன? கூலி தானாக நின்றதா? நிறுத்தப்பட்டதா?

இதற்கு விடை கூற வல்ல நாடு ஒன்று உண்டு. பாராளுமன்றங்களின் தாய் எனப் போற்றப்படும் இங்கிலாந்து, தன் சட்ட ஏடுகளைப் பல நூற்றாண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவற்றைப் புரட்டுவோம், தோழர்களே!

கொள்ளைநோயும் கூலிச் சட்டமும்

1348ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கரையேறியது கொள்ளைநோய். இரண்டே ஆண்டுகளில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரேனும் மாண்டனர். வயல் இருந்தது, உழ ஆளில்லை. கதிர் முற்றியது, அறுக்கக் கையில்லை. எஞ்சிய உழைப்பாளி, "கூலியை உயர்த்துக" என்று கேட்டான். ஆள் குறைவு, வேலை மிகுதி. மேதைகள் ஓதும் அதே தேவை, அதே வரத்து! சந்தை விதி அன்று ஏழையின் பக்கம் நின்றது.

சீமான்கள், "இது இயற்கை விதி, பொறுத்துக்கொள்வோம்" என்று வாளாவிருந்தனரா? இல்லை. மூன்றாம் எட்வர்டு மன்னன் 1349இல் ஆணை பிறப்பித்தான். 1351இல் பாராளுமன்றம் தொழிலாளர் சட்டம் இயற்றியது. நோய்க்கு முன்பு, 1346 அளவில், என்ன கூலியோ அதுவே கூலி என்றது சட்டம். களை எடுப்போர்க்கும் வைக்கோற்புல் உலர்த்துவோர்க்கும் நாளொன்றுக்கு ஒரு பென்னி. தலைமைத் தச்சனுக்கு மூன்று பென்னி. ஏற்க மறுப்பவன் காலை மாட்டிப் பூட்ட, ஊர்தோறும் தொழுமரம் அமைக்க வேண்டும் என்றும் அச்சட்டமே கூறியது.

உணவுப் பொருளின் விலைக்குக் கட்டுப்பாடு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1349 ஆணை, உணவுப் பொருள்களை "நியாயமான" விலைக்கு விற்க வேண்டும் என்றது. கவனியுங்கள்: விலைக்கு "நியாயம்" என்னும் நெகிழ்ந்த சொல், கூலிக்கோ ஒரு பென்னி, மூன்று பென்னி என்னும் நெகிழாத எண்!

இதனினும் விந்தை, அதற்கு முந்திய நூற்றாண்டின் ரொட்டிச் சட்டம். கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் விலையை ஏற்றாமல், அதன் எடையைக் குறைத்துக்கொள்ள அச்சட்டம் அட்டவணை வகுத்துத் தந்தது. தானியத்தின் பின்னே ரொட்டி செல்லலாம். ரொட்டியின் பின்னே கூலி செல்லலாகாது! காசு அதேதான், ரொட்டி மட்டும் சிறுத்தது. சிறுத்த ரொட்டியைப் பங்கிட்டவள் யார் என்பதைச் சட்ட ஏடு கூறவில்லை. கூறாமலே நமக்கு விளங்கும்.

1381இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தலைவரி அந்தத் தீயை மூட்டிய பொறி. முப்பது ஆண்டுக் கூலிக் கட்டுப்பாடு அதற்குக் காய்ந்து கிடந்த விறகுகளில் ஒன்று. வாட் டைலர் தலைமையில் இலண்டனுக்குள் நுழைந்த கூட்டத்தை, பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு இன்சொல் கூறி எதிர்கொண்டான். டைலர் வெட்டி வீழ்த்தப்பட்டான். கொடுத்த வாக்குறுதிகள் திரும்பப் பெறப்பட்டன.

ஆறு மனைவியரும் மூன்றில் ஒரு பங்கு வெள்ளியும்

எட்டாம் ஹென்றிக்கு மனைவியர் எத்தனை பேர் என்று கேட்டால், என் வகுப்பின் கடைசி வரிசை மாணவனும் "ஆறு" என்று விடையிறுப்பான். அம்மன்னன் நாணயத்தில் எத்தனை பங்கு வெள்ளி என்று கேட்டால் விடையில்லை. பாடநூல் அதைக் கேட்பதில்லை. 1544 தொடங்கி, போர்ச் செலவுக்காக நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கலந்தான் ஹென்றி. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்குக்கு மேலிருந்த வெள்ளி, அவன் ஆட்சி முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்காயிற்று. நாணயத்தில் பொறித்த மன்னன் மூக்கு தேய்ந்து, உள்ளிருந்த செம்பு வெளிப்பட்டதால், "செம்பு மூக்கன்" என்றே மக்கள் அவனை எள்ளினர்.

நாணயம் கெட்டது, மக்கள்தொகை பெருகியது, அமெரிக்க வெள்ளி ஐரோப்பாவில் வந்து குவிந்தது, நூற்றாண்டின் இறுதியில் விளைச்சலும் பொய்த்தது. விலை பறந்தது. கூலி?

பெல்ப்ஸ் பிரௌன், ஷீலா ஹாப்கின்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1956இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். ரொட்டி, இறைச்சி, பானம், விறகு, துணி ஆகியவற்றை ஒரு கூடையில் இட்டதாக எண்ணி, தென் இங்கிலாந்தில் கட்டட வேலை செய்த கைத்தொழிலாளியின் கூலி அக்கூடையில் எவ்வளவை வாங்கியது என்று ஆண்டுதோறும் பார்த்தனர். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 120 ஆண்டுகள் அத்தொழிலாளிக்கு நாட்கூலி 6 பென்னி. 1580 அளவில் அது 12 பென்னியாயிற்று. இரண்டு மடங்கு! "கூலிதான் இரட்டிப்பாயிற்றே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கும் முதலாளி எக்காலத்திலும் உண்டு. ஆனால் நூறாக இருந்த கூடையின் விலை, பஞ்ச ஆண்டான 1597இல் 685. இருநூறை 685ஆல் வகுத்துப் பாருங்கள். பாட்டன் காலத்துக்கும் முன்பு முழுக் கூடை வாங்கிய கூலி, 1597இல் மூன்றில் ஒரு பங்கையும் வாங்கவில்லை. கையில் காசு இரட்டித்தது. கலத்தில் உணவு குறைந்தது.

முதலாம் எலிசபெத்தின் 1563ஆம் ஆண்டுச் சட்டம் உண்மையை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது: பொருள்களின் விலை உயர்ந்துவிட்டதால் பழைய சட்டங்களின் கூலி போதாது என்கிறது முகவுரை. நன்று! பிறகு செய்தது என்ன? ஆண்டுதோறும் கூலியை வரையறுக்கும் அதிகாரத்தை மாவட்டக் கௌரவ நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. அவர்கள் யார்? அவ்வட்டாரத்து நிலக்கிழார்கள். கூலி கொடுப்பவனே கூலியை வரையறுப்பவன்! வரையறைக்கு மேல் கொடுத்தவனுக்குப் பத்து நாள் சிறை, ஐந்து பவுன் தண்டம். மேல் வாங்கியவனுக்கு இருபத்தொரு நாள் சிறை. கொடுத்த குற்றத்தைவிட வாங்கிய குற்றம் இருமடங்குக்கு மேல் பெரிது!

கடவுள் பெயரால் ஒரு பொருளாதாரம்

1795. பிரான்சோடு போர், விளைச்சலும் குறைவு, ரொட்டி விலை விண்ணை முட்டியது. மே 6ஆம் நாள் பெர்க்ஷயர் மாவட்ட நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்னுமிடத்தில், பெலிகன் விடுதியில் கூடினர். கூலியைச் சட்டப்படி உயர்த்தலாமா என்பதே முன்னிருந்த கேள்வி. உயர்த்தவில்லை, உயர்த்துமாறு பண்ணையார்களுக்குப் பரிந்துரை செய்ததோடு நின்றனர். மாறாக, ஓர் அட்டவணை போட்டனர். 8 இராத்தல் 11 அவுன்ஸ் எடையுள்ள ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால், உழைப்பவனுக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை ஷில்லிங் கிடைக்க வேண்டும். இரு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஏழரை ஷில்லிங். கூலி அதற்குக் குறைந்தால், மிச்சத்தை ஏழையர் நிவாரண வரியிலிருந்து ஊர் கொடுக்கும்.

இரக்கமுள்ள திட்டமே, மறுக்கவில்லை. அன்று அது பலர் பசியைத் தணித்தது. ஆனால் கூலியாகப் பெறவேண்டியது பிச்சையாக மாறிற்று. கூலியை உயர்த்தும் கடமை பண்ணையாரின் தோளிலிருந்து இறங்கியது. கூலிக்கு ஆள் வைக்காத சிறு உழவனும் அந்த வரியைச் சுமந்தான்.

அதே ஆண்டு சாமுவேல் விட்பிரெட் என்னும் உறுப்பினர், கூலிக்குக் கீழ்வரம்பு கட்டப் பாராளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். பிரதமர் இளைய பிட் 1796இல் அதனை எதிர்த்துப் பேசினார், மசோதா வீழ்ந்தது. கூலியில் அரசு தலையிடலாகாதாம்! எட்மண்டு பர்க் என்னும் பேரறிஞரோ, வாணிகத்தின் போக்கை இயற்கையின் ஆணையாகவும், அதன் வழியே இறைவனின் ஆணையாகவும் கண்டார். முதலில் நாம் சந்தித்த வைதிகரும் மேதையும் பர்க்கிடம் ஒரே ஆளாகிவிட்டனர்!

கூலியில் அரசு தலையிடலாகாது என்ற அதே பிட்டின் ஆட்சி, 1799இல் என்ன செய்தது? கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் ஒன்றுசேர்வதே குற்றம் என்று சட்டம் செய்தது. ஒன்றுசேர்ந்தால் மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டு மாதக் கடுங்காவல். கூலியைக் குறைக்க முதலாளிகள் ஒன்றுசேர்வதைத் தடுக்கச் சட்டமில்லை, உயர்த்தக் கோரித் தொழிலாளர் சேர்வதைத் தடுக்கவோ பல சட்டங்கள் என்று 1776லேயே சுட்டிக்காட்டியவர் ஆடம் ஸ்மித். சந்தை விதிக்குச் சான்றாக மேதைகள் காட்டும் அதே ஆடம் ஸ்மித்!

1824இல் அந்தத் தடை நீங்கியது. ஆயினும் 1834இல், டார்செட் மாவட்டத்து டால்புடில் என்னும் சிற்றூரில், வாரக்கூலி ஒன்பது ஷில்லிங்கிலிருந்து ஏழுக்கு இறங்கியது, ஆறாகும் என்ற அச்சுறுத்தலும் எழுந்தது. சங்கம் அமைத்த உழவுத் தொழிலாளர் அறுவர், இரகசிய உறுதிமொழி எடுத்த குற்றத்துக்காக ஏழாண்டுத் தண்டனை பெற்று ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். மக்கள் கொதித்தெழுந்து போராடிய பின்பே 1836இல் மன்னிப்புக் கிடைத்தது.

கப்பலேறி வந்த விலங்கு

இங்கிலாந்தின் சட்ட மரபு இங்கிலாந்தோடு நிற்கவில்லை. ஆட்சியோடு கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. முதல் உலகப்போர் விலைவாசியை ஏற்றிவிட்ட 1918ஆம் ஆண்டு, ஏப்ரல் 27இல், பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் அதன் தலைமையில் நின்றனர். 1920இல் பக்கிங்காம் ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்தை நாடி, சங்கத் தலைவர்கள்மீது தடையாணை பெற்றது. தொழிற்சங்கத்தை அத்தகைய வழக்கிலிருந்து காக்க, இங்கிலாந்தில் 1906லேயே சட்டம் வந்துவிட்டது. ஆண்ட நாட்டில் கழற்றிய விலங்கை ஆளப்பட்ட நாட்டில் பூட்டினர்! இங்கு அந்த விலங்கு தளர, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தியாவில் 1948இல் வந்தது.

இங்கிலாந்திலோ, கூலி இதற்கு மேல் போகலாகாது என நாடு முழுவதற்கும் சட்டம் செய்தது 1351இல். இதற்குக் கீழே போகலாகாது என நாடு முழுவதற்கும் பொதுச்சட்டம் செய்தது 1998இல். இடையே 647 ஆண்டுகள்! கூலிக்குக் கூரை போட ஈராண்டு போதுமானதாக இருந்தது. தரை போட ஆறரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

தோழர்களே, இந்த வரலாறு நமக்கு அளிக்கும் பாடம் இதுதான். விலை ஏற்றத்துக்கு இயற்கையும் ஒரு காரணமாகலாம். கூலி தேங்குவதில் மனிதன் எழுதிய சட்டத்துக்கும், மனிதன் வகித்த அதிகாரத்துக்கும் பங்கு உண்டு. மனிதன் எழுதியதை மனிதன் மாற்றி எழுதலாம், எழுதியும் இருக்கிறான். கேட்டவர் இருந்த இடத்தில் மாறியது. கைகட்டி நின்ற இடத்தில் மாறவில்லை.

ஆகவே, நம் படிப்பகங்களில் ஒரு வேலை தொடங்குவோம். அரிசி, பருப்பு, எண்ணெய், வீட்டு வாடகை, மருந்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதந்தோறும் குறிப்போம். எதிர்ப்பக்கத்தில் நம் தெருவிலுள்ள நெசவாளியின் கூலி, கொத்தனாரின் கூலி, கடைச் சிப்பந்தியின் சம்பளம் ஆகியவற்றை எழுதுவோம். ஓராண்டு கழித்து வகுத்துப் பார்ப்போம். "விதி" என்று நம்மிடம் சொல்ல வருபவர் முன்னே அந்த நோட்டை விரித்து வைப்போம், விடை சொல்லட்டும்!