பொடியும் நாற்காலியும்

திருச்சியில் தென்னூர் மேம்பாலத்தை விட்டு இறங்கித் தில்லைநகர்ப் பக்கம் நடந்தால், கிராஸுக்குக் கிராஸ் பல் மருத்துவர்களின் பெயர்ப்பலகைகள். ரூட் கெனால், கிளிப், இம்ப்ளான்ட் என்று என்னென்ன செய்வார்கள் என்பதெல்லாம் பலகையிலேயே எழுதியிருக்கும். அந்தச் செலவு கட்டுப்படியாகாதவருக்குப் புத்தூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, நடக்கிற தூரம்தான். ஆக, தென்னூர்க்காரருக்குப் பல்வலி வந்தால் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. மருத்துவத்துக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம் உள்ள இந்த ஊரில், பல்லுக்கென்று கதவு திறந்தது மிகவும் பிந்தித்தான்.

காவிரியைத் தாண்டினால் திருவரங்கம். அரங்கநாதர் கோயில் வளாகத்தில் தன்வந்திரிக்குத் தனிச் சன்னிதி உண்டு. சக ஆண்டு 1415, அதாவது பொது ஆண்டு 1493-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்து அங்கே தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. சிதைந்து கிடந்தது என்றால், அதற்கு முன்பே அது ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். அதன் தொடக்கம் ஹொய்சாளர் காலம். அதற்கும் முந்தையது, காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர்சாலைக்கு யார் யார் வேண்டும், அவர்களுக்கு என்ன கூலி என்றெல்லாம் அது கணக்குச் சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவரும் ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று போகும் வரிசையில் ஒரு நாவிதரும் இருக்கிறார். பல்லுக்கென்று தனி ஆள் கிடையாது.

அந்த நாவிதர் அங்கே இருப்பது தற்செயல் அல்ல. கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது, ஆடுகிற பல்லைப் பிடுங்குவது எல்லாம் தமிழ்நாட்டு ஊர்களில் நெடுங்காலம் அவர் கையில்தான் இருந்தன. ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே சவரக்காரரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். நம் ஊரில் வலி பொறுக்க முடியாதவர் கிராம்பை அடக்கிக்கொண்டார், அதற்கும் கேட்காவிட்டால் குறட்டுக்கு வாயைத் திறந்தார். மரத்துப்போக ஊசி கிடையாது. இன்று பல் மருத்துவர் ஈறில் போடுகிற லிக்னோகெய்ன், ஸ்வீடனில் 1943-ல் உருவாக்கப்பட்டு 1948-ல்தான் விற்பனைக்கு வந்தது.

பல்லைக் காப்பதில் மட்டும் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. காலையில் குச்சியால் பல் துலக்குவதைப் பதினெண்கீழ்க்கணக்கு நூலான ஆசாரக்கோவை ஒழுக்கமாகவே விதிக்கிறது. ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி, உமிக்கரி, சாம்பல், கடைசியில் செங்கல் தூள் வரை எதையும் விட்டுவைக்கவில்லை. செங்கல் தூள் அழுக்கோடு பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடும் என்பது வேறு விஷயம். பின்னர் கடைகளில் பொட்டலமாக வந்தது பற்பொடி. மைசூர்ப் பக்கத்திலிருந்து நஞ்சன்கூடு பற்பொடி, நம் பக்கத்தில் ரோஸ் நிறக் கோபால் பல்பொடி. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, ஆள்காட்டி விரலால் தொட்டுத் தேய்த்து, தித்திப்பு போகுமுன் கொஞ்சம் விழுங்கியும் வைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

திருச்சிக்கு வாய் சம்பந்தமான இன்னொரு புகழும் உண்டு, பெருமைப்படும் புகழ் அல்ல. உறையூரில் சுற்றப்பட்ட சுருட்டு லண்டன் வரை போயிற்று. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே கொலைகாரன் புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்பதைத் துப்பறிவாளர் சாம்பலை வைத்துக் கண்டுபிடிக்கிறார். புகையிலை திண்டுக்கல் பக்கம் விளைந்தது, சுருட்டுக்குப் பெயர் திருச்சியுடையது. வெற்றிலையோடு புகையிலை, சுருட்டு, பீடி என்று பழகிய வாயில், புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு விழுந்தால் அதை முதலில் பார்க்கிறவர் பெரும்பாலும் பல் மருத்துவர்தான். அரசு மருத்துவமனையில் பல் பிரிவு எதற்கு, அதென்ன உயிர் போகிற நோயா என்று கேட்டவர்களுக்கு இதுவே பதிலாக இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை அரசாங்கமே நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை அரசு தொடங்கவில்லை. அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். பணத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது: நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் ஒரு கடை நடத்தி, அந்த வருமானத்தைக் கல்லூரிக்குப் போட்டார். இனிப்புக் குளிர்பானம் விற்ற காசில் பல் மருத்துவம்! 1949-ல் கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார்.

அந்த நாளில் நிலைமை எப்படி இருந்தது என்பதை 1946-ல் வந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை எண்ணில் சொன்னது. இந்தியாவில் 3 லட்சம் பேருக்கு ஒரு பல் மருத்துவர். இங்கிலாந்தில் 2,700 பேருக்கு ஒருவர். 1971-க்குள் 4,000 பேருக்கு ஒருவர் என்ற நிலையை எட்ட வேண்டும் என்று குழு இலக்கு வைத்தது. குழுவில் இருந்தவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1948-ல், பல் மருத்துவர் சட்டம் வந்தது. பதிவு செய்யாதவர் பல் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே விதிவிலக்குகளை அடுக்குகிறது அந்தச் சட்டம். அவசரமாகப் பல் பிடுங்க வேண்டியிருந்து, பதிவுபெற்ற பல் மருத்துவரும் கிடைக்காவிட்டால், யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். ஆனால் மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ கொடுக்கக் கூடாது. திருமுக்கூடல் நாவிதருக்கு இருபதாம் நூற்றாண்டுச் சட்டம் கொடுத்த அனுமதிச் சீட்டு என்றே இதைப் படிக்கலாம். இன்னொரு விலக்கு அதைவிடக் கவனிக்க வேண்டியது: அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவமனையில் செய்யப்படும் பல் வேலைக்கும் தடை இல்லை. அங்கே பல் மருத்துவர் இருக்க மாட்டார், இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று சட்டம் எழுதியவர்களே எதிர்பார்த்திருந்தார்கள் போலும்.

ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களையும் சட்டம் கைவிடவில்லை. பட்டம் இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் அந்தத் தொழிலிலேயே பிழைத்தவர்கள், பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இடம்பெறலாம். கல்கத்தாவிலும் சென்னையிலும் தகப்பனிடமிருந்து மகன் என்று தொழில் கற்றுக் கடை நடத்திய சீனப் பல் வைத்தியர்களை அந்தக் காலத்தவர் நினைவில் வைத்திருப்பார்கள். நகரத்து மக்களில் பலர் நாற்காலியில் சாய்ந்து முதன்முதலாக வாயைத் திறந்தது இவர்களிடம்தான்.

தமிழ்நாட்டில் அரசின் முதல் முயற்சி 1953 ஆகஸ்டில் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. பதினோரு ஆண்டுக்குப் பின் அது தனிக் கல்லூரியானது. திருச்சிக்காரருக்கு இதனால் உடனே என்ன கிடைத்தது? 320 கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லூரி.

இதற்கிடையில் திருச்சியிலேயே சிலருக்கு வேறு வழி பிறந்தது. பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளிக்கு ரயில்வே மருத்துவமனை. 1960-களில் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்தபின் அதன் ஊழியர்களுக்குக் கைலாசபுரத்தில் மருத்துவமனை. நிரந்தர வேலை இருந்தால் குடும்பத்தோடு மருத்துவம் கிடைக்கும். தென்னூரிலும் பீமநகரிலும் தள்ளுவண்டி தள்ளியவருக்கும் பீடி சுற்றியவருக்கும் அந்தக் கதவு திறக்காது. ஒரே ஊர், ஒரே காவிரித் தண்ணீர், ஆனால் பல்லின் ஆயுள் வேலைச் சீட்டைப் பொறுத்தது.

பிறகுதான் பொடி அரசின் கைக்கு வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தம் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம் திருச்சிக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சி. அந்தத் திட்டத்தோடு ஒட்டி, எண்பதுகளிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பற்பொடியும் வந்து சேர்ந்தது. எதிர்க்கட்சிகள் கிண்டலடித்தன, சோற்றுக்கும் பொடிக்கும் காசு எங்கே என்று பொருளாதாரம் பேசியவர்கள் கேட்டார்கள். உமிக்கரியும் செங்கல் தூளும் தேய்த்த வீடுகளில், பிள்ளையின் பெயருக்கென்று ஒரு பொட்டலம் வந்தது சின்ன விஷயமல்ல. தினமும் பல் துலக்க வேண்டும் என்ற எண்ணத்தை அரசாங்கம் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த விதம் அது.

ஆனால் பொடியின் எல்லையும் அங்கேயே தெரிந்துவிட்டது. துலக்கினால் சொத்தை வருவது குறையும். வந்துவிட்ட சொத்தையைப் பொடி அடைக்காது. வாய்க்குள் சீழ் கோத்த பிள்ளைக்குத் தேவை ஒரு நாற்காலி. பொட்டலம் கொடுப்பது எந்த அரசுக்கும் எளிது: கண்ணுக்குத் தெரியும், புகைப்படம் எடுக்கலாம், செலவும் கைக்கு அடக்கம். நாற்காலி அப்படியல்ல.

அதை அருகே நின்று பார்த்தால் ஏன் என்று தெரியும். சாய்கிற இருக்கை, வாய்க்கு மேலே நிழல் விழாத விளக்கு, துப்புவதற்குத் தொட்டி, அதற்குத் தண்ணீர் வரும் குழாய், கழிவு போகும் குழாய். சுவருக்குப் பின்னால் எங்கோ கம்ப்ரசர் கரகரக்கும். அந்தக் காற்றில்தான் ஏரோட்டர் சுழன்று சொத்தையைக் குடையும். கம்ப்ரசர் நின்றால் நாற்காலி வெறும் நாற்காலி. கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தப்படுத்த ஆட்டோகிளேவ், படம் எடுக்க எக்ஸ்-ரே, அடைக்கச் சிமெண்ட், ஊசி மருந்து, பஞ்சு. இவற்றில் ஏதாவது ஒன்று தீர்ந்துபோனாலும் மருத்துவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது கைவசம் மிஞ்சுவது குறடு மட்டும். அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போனால் பிடுங்கத்தான் செய்வார்கள் என்ற பெயர் மக்களிடம் வந்ததற்கு மருத்துவர்களின் திறமைக் குறைவு காரணமல்ல. அடைப்பதற்கு வேண்டிய பொருளும் நேரமும் இல்லாத இடத்தில் பிடுங்குவதே மிஞ்சியது.

தண்ணீரும் இந்தக் கதையில் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. அதற்கு எந்த நாற்காலியும் தீர்வல்ல என்பதால் காவிரித் தண்ணீரையே குழாயில் கொண்டுபோனார்கள். 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதுதான். ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம். திருச்சிக்காரர் ஆற்றங்கரையில் பிறந்ததாலேயே தப்பிய ஒரு தொல்லை.

திருச்சியில் மாற்றம் தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. 1997-ல் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்தது; புத்தூர் அரசு மருத்துவமனை அதன் பயிற்சி மருத்துவமனையானது. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி மணப்பாறைக்குப் போயிற்று. 2014-15-ல் மத்திய அரசு தேசிய வாய்நலத் திட்டத்தைத் தொடங்கி, மாவட்ட மருத்துவமனைக்கும் அதற்குக் கீழே உள்ள நிலையங்களுக்கும் பல் மருத்துவக் கருவிகள் வாங்கவும் ஆள் நியமிக்கவும் பணம் கொடுக்க முன்வந்தது. 2023-ல் தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளின் பற்களைச் சோதிக்கும் ‘புன்னகை’ திட்டத்தைக் கொண்டுவந்தது. பாப்பாக்குறிச்சியில் சோறு போட்டுத் தொடங்கிய வரிசையில் இது வரவேண்டிய அடுத்த படி. நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டது.

அதே 2023 நவம்பரில், திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பேருந்து போய்விடுகிற புதுக்கோட்டையில், 50 இடங்களோடு அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னைக்குப் பின் அரசிடம் இருந்தது சிதம்பரம் கல்லூரி ஒன்றுதான். 1980-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அது, 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வந்தது. அரசே தொடக்கத்திலிருந்து கட்டியது என்று பார்த்தால் 1953-க்குப் பின் புதுக்கோட்டைதான் அடுத்தது. நடுவிலிருந்த எழுபது ஆண்டுகளில் தனியார் கல்லூரிகள் பெருகின. நாடு முழுவதும் 300-க்கு மேல் கல்லூரிகள் வந்துவிட்டன. போர் குழு கவலைப்பட்ட ஆள் பஞ்சம் தீர்ந்தது. படித்தவர்கள் தில்லைநகர் மாதிரியான தெருக்களில் ஒருவர் மேல் ஒருவராகப் பலகை மாட்ட, துறையூர் மலையடிவாரத்துக் கிராமத்தில் பல்வலிக்காரர் இன்னும் பஸ் ஏறுகிறார்.

கல்லூரியோடு வரும் மருத்துவமனைக்கு ஒரு நல்ல கட்டாயம் உண்டு. பல் மருத்துவ மாணவருக்கு வாய்கள் வேண்டும்: பிடுங்க மட்டுமல்ல, அடைக்க, சுத்தம் செய்ய, வேர்ச் சிகிச்சை செய்ய, பல்செட் கட்ட. பட்டம் வாங்க இத்தனை நோயாளிகளுக்கு இன்னின்ன சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு இருப்பதால், பொருள் தீர்ந்துபோனது என்று சொல்லி அங்கே குறட்டோடு நிறுத்திவிட முடியாது. நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து ஐம்பது ஐம்பது பேராக வெளியே வரும்போது, அவர்களுக்குக் கீரனூரிலும் மணப்பாறையிலும் அரசுப் பணியிடமும், ஓடுகிற கம்ப்ரசரோடு ஒரு நாற்காலியும் தயாராக இருக்குமா என்பதை நிதிநிலை அறிக்கைகள்தான் தீர்மானிக்கும். இல்லாவிட்டால் தில்லைநகரில் இன்னும் சில பலகைகளுக்கு இடம் தேட வேண்டியிருக்கும்.