தோட்டாவும் மெட்டியும்

காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடிய பெண்ணின் உவமையை லூக்கா நற்செய்தியில் நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அதன்மேல் மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். அவளிடம் இருந்த கருவிகள் இரண்டே: ஒரு விளக்கு, ஒரு துடைப்பம். மண்ணுக்குள் மறைந்த உலோகத்தைக் காதால் தேடும் கருவி ஒன்று நம் கைக்கு வரும் என்றும், திருப்பலி முடிந்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு பட்டினப்பாக்கம் மணலில் நடப்போம் என்றும் நாம் கனவிலும் எண்ணியதில்லை.

அபிராமபுரத்தில் வாழும் நம் அன்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற பொறியாளர். வெளிநாட்டிலுள்ள அவருடைய மகன், தந்தைக்குப் பொழுதுபோகட்டும் என்று ஒரு ‘மெட்டல் டிடெக்டரை’ வாங்கி அனுப்பியிருந்தார். இரயில் நிலைய வாயில்களில் காவலர் கையில் நாம் காண்கிறோமே, அதே குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் இது நீண்ட கோல். அதன் அடிமுனையில் சாப்பாட்டுத் தட்டளவில் ஒரு வளையம். மேல்முனையில் சிறு திரை. காதுகளை மூடும் ஒலிவாங்கி. பெரியவருக்கு முழங்கால் வலி. “ஃபாதர், நான் கேட்கிறேன், நீங்க தோண்டுங்க” என்று பணியைப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். ஐம்பதைக் கடந்த நம் இடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை.

முதல் நாள் மந்தைவெளி வழியாகப் பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிக் கடற்கரை சேர்ந்தபோது கருவி மௌனமாக இருந்தது. ஈர மணலில் வளையத்தை வைத்ததுதான் தாமதம், ஓலமிடத் தொடங்கியது. எங்கு வைத்தாலும் ஓலம். கடலுக்கடியில் முழுக்கப் பொன் விளைந்திருக்கிறதோ என்று ஐயுறும் அளவுக்கு ஓலம். தோண்டினோம், தண்ணீர் ஊறியது, வேறொன்றும் இல்லை. உலர்ந்த மணலுக்கு வந்த பின்னரே கருவி நிதானமடைந்து சோடா மூடி, துருவேறிய ஆணி, சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாள் எனத் தான் அறிந்ததை ஒவ்வொன்றாகக் காட்டிற்று.

காரணம் எளிது. வளையத்தினுள் ஓடும் மாறுமின்னோட்டம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை எழுப்புகிறது. அப்புலம் உலோகத்தைத் தொட்டால் உலோகத்தில் சிறு மின்சுழல்கள் பிறக்கின்றன. அச்சுழல்கள் எழுப்பும் எதிர்ப்புலத்தை மற்றொரு கம்பிச்சுருள் உணர்ந்து ஒலியாக்குகிறது. உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும் பொருளே ஆகையால், கருவி கடலையே ஒரு பெரிய உலோகமாக எண்ணிக்கொள்கிறது. நம் கரையில் கோடுகோடாகக் கிடக்கும் கருமணலிலும் இரும்புத்தாதுக்கள் உண்டு. ஆகவே முதலில் மண்ணின் குரல் எது என்று கருவிக்குக் கற்பிக்க வேண்டும். கூருணர்வைச் சற்றுக் குறைக்க வேண்டும். வளையத்தை உயர்த்தாமல், தரையை ஒட்டியவாறே, துடைப்பம் வீசுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மெல்ல வீச வேண்டும். லூக்காவின் பெண் இதில் நம்மைவிடத் தேர்ந்தவள்.

இக்கருவியின் பிறப்பு ஒரு நோயாளியின் படுக்கையருகே நிகழ்ந்தது. 1881 ஜூலை 2ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் இரயில் நிலையத்தில் கித்தோ என்பவன் சுட்டான். ஒரு தோட்டா உடலுக்குள் தங்கிவிட்டது. ஊடுகதிர் கண்டறியப்படாத காலம் அது. மருத்துவர்கள் கழுவாத விரல்களாலும் கருவிகளாலும் காயத்தைத் துழாவினர். தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், டேவிட் ஹியூஸ் என்பார் வகுத்திருந்த தூண்டல் சமநிலைக் கருவியைத் திருத்தியமைத்து, தொலைபேசிக் குழலில் காதை வைத்துத் தோட்டாவைத் தேட முன்வந்தார். ஜூலை இறுதியிலும் ஆகஸ்டு முதல் நாளிலுமாக இருமுறை தேடினார். தெளிவற்ற ஓர் இரைச்சல் பரந்து கேட்டதேயன்றி இடம் அகப்படவில்லை. நோயாளியின் மெத்தைக்கடியில் எஃகுக் கம்பிச்சுருள்கள் இருந்தது பின்னரே தெரிந்தது. அதனினும் கொடியது வேறொன்று. தலைமை மருத்துவர் பிளிஸ், தோட்டா வலப்புறத்தில்தான் இருக்கிறது என்று முன்னமே முடிவு கட்டியிருந்தமையால், வலப்புறம் மட்டுமே தேட இடமளித்தார். செப்டம்பர் 19இல் தலைவர் இறந்தார். உடலைத் திறந்தபோது தோட்டா முதுகெலும்பின் இடப்புறம், கணையத்தின் பின்னே கிடந்தது.

பொறியாளரின் வீட்டு மாடியில் காப்பியருந்திக்கொண்டே இதைப் பேசினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, கருவியின் அமைப்பொன்றை நமக்குக் காட்டினார். முதல்நாள் தொல்லையால் அவர் வெள்ளித்தாள், டின் மூடி ஆகியவற்றின் ஒலி கேளாதபடி அடைத்து வைத்திருந்தார். கையேட்டைக் கருத்தூன்றிப் படித்தபோது, மெல்லிய தங்க மோதிரம் அதே எல்லைக்குள்தான் ஒலிக்கும் என்று கண்டோம். குப்பையைக் கேட்க மாட்டேன் என்று செவியை அடைத்தால் பொன்னும் அடைபடும். மறுநாளிலிருந்து எல்லா ஒலிகளையும் திறந்துவிட்டோம். நமது தோண்டும் பணி மும்மடங்காயிற்று.

பெல்லுக்குப் பின் அரை நூற்றாண்டு இக்கருவி பெரிதும் பேசப்படவில்லை. செருமனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்ட் ஃபிஷர், விமானங்களுக்குத் திசை காட்டும் வானொலிக் கருவிகளைச் சோதித்தபோது, உலோகமும் தாதுப்பாறையும் உள்ள இடங்களில் அவை பிழைபடுவதைக் கண்டார். பிழையைத் திருத்துவதோடு நில்லாமல் அப்பிழையையே கருவியாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். போரோ வேறு வழியில் அதைக் கேட்டு வந்தது. நாட்டை இழந்து ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படைவீரர் சிலர், பகைவர் இறங்காதிருக்க ஆங்கிலேயரே கடற்கரையில் புதைத்த கண்ணிவெடிகளில் சிக்கி மாண்டனர். அப்படையின் இளம் அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி, 1941இல், ஒரு வீரன் தனியே சுமந்து செல்லக்கூடிய கண்ணிவெடி காணும் கருவியை அமைத்தார். ஏறத்தாழ 14 கிலோ எடை. 1942 அக்டோபரில் எல் அலமெய்ன் பாலைநிலத்தில் அத்தகைய 500 கருவிகள் இறங்கின. மணிக்கு 100 மீட்டர் என்றிருந்த வழி திறக்கும் வேகம் 200 ஆயிற்று என்பர். அவர் காப்புரிமை கோரவில்லை. பிரித்தானியப் படைக்கு அதை அன்பளிப்பாகத் தந்தார். மன்னரின் நன்றிக் கடிதம் ஒன்றே அவருக்குக் கிடைத்தது. கடற்கரையில் பொழுதுபோக்காக இதைச் சுமப்போர் எவரும் அவர் பெயரை அறிந்து வைத்திருப்பது நன்று.

பாலைநிலத்தோடு இக்கதை முடிந்ததா? நம் தமிழினத்தின் கைகளுக்கும் இக்கோல் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் நிலப்பகுதியில் முகமாலை இருக்கிறது. கிளாலியிலிருந்து கீழைக் கடற்கரை நாகர்கோவில்வரை (நம் குமரி மாவட்டத்து நாகர்கோவில் அன்று) பல்லாண்டு போர்முனை அவ்வழியே ஓடிற்று. இரு தரப்பும் வெடிகளை விதைத்தன. 2009 மே மாதம் போர் முடிந்தபின், அம்மணலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாகத் தேடியோரில் தமிழ்ப் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்து குடும்பம் சுமப்போரும் அவர்களில் உண்டு. 2002 முதல் அந்நாட்டில் பணியாற்றும் ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் அவர்களுக்குப் பயிற்சி தந்தன. 2017 டிசம்பரில் இலங்கை, கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. வெடிகள் சிலவற்றில் உலோகம் மிகச் சிறிதளவே உண்டு. சுற்றிலுமோ வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டுகள் எண்ணிறந்தன. எனவே ஒவ்வோர் ஒலியையும் வெடியென்றே கொள்ள வேண்டும். நமக்குச் சோடா மூடி கிடைத்தால் சலிப்பு. அவர்களுக்கு ஆணி கிடைத்தால் பெருமூச்சு.

அவர்களுடைய ஒழுங்கு ஒன்று நம் உள்ளத்தைத் தொட்டது. தேடத் தொடங்குமுன், எதைத் தேடுகிறார்களோ அதைப் போன்ற ஒரு மாதிரித் துண்டின்மேல் கருவியைப் பிடித்து, அது சரியாக ஒலிக்கிறதா என்று சோதித்த பிறகே காலெடுத்து வைப்பார்கள். இழந்ததின் குரலை முதலில் அறிந்தாலன்றி அதைத் தேட முடியாது.

நம் பெரியவருக்கோ வேறு ஆசைகள். எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22இல் சென்னைமேல் வீசிய குண்டின் துண்டொன்று, அல்லது போர்த்துக்கீசியரின் காசொன்று. மணலின் வரலாற்றை எடுத்துச் சொல்லி அவரை நாம் சற்று ஏமாற்றமடையச் செய்தோம். எம்டன் குறிவைத்தது வடக்கே துறைமுகப் பக்கத்தை. மெரினாவின் அகன்ற மணல்வெளியோ பழமையானதன்று. ஆண்டின் பெரும்பகுதி நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியபோது அந்நகர்வு தடைப்பட்டது; தெற்கே மணல் குவிந்தது; வடக்கே இராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. பெல் தோட்டாவைத் தேடிய அதே 1881இன் நவம்பரில் புயலொன்று அச்சுவர்களை உடைத்தெறிந்தது, மீண்டும் கட்டினர். குவிந்த மணலோரம் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் அமைத்த உலாவுசாலையே மெரினா. ஆகவே அங்கே கால்புதைய நடக்கும் நாம் பெரும்பாலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு உட்பட்ட மணலையே மிதிக்கிறோம். ஆனாலும் இக்கரையின் புகழ்வாய்ந்த தேடல் ஓர் இரும்புத் துண்டில் முடிந்தது என்பதை நம் வாசகர் அறிவர். 1523இல் போர்த்துக்கீசியர் மயிலையில் திருத்தூதர் தோமாவின் கல்லறை என்று போற்றப்பட்ட இடத்தை அகழ்ந்தபோது, எலும்புகளோடும் மண் நிறைந்த கலத்தோடும் ஓர் ஈட்டி முனையும் கிட்டியதாகச் சான்றுரைத்தனர். அவர்களிடம் இருந்தது மண்வெட்டியே.

கண்டெடுப்போர் அறிய வேண்டிய சட்டம் ஒன்றும் உண்டு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தால் அறிவிக்க வேண்டும். பத்து ரூபாய் அன்று பெருந்தொகை. இன்று தேநீருக்கே போதாது. எண் மட்டும் மாறவில்லை. உரிமை கோருவோர் யாரும் இல்லையெனில், கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கும் சேரலாம். நமக்கு இச்சட்டத்தில் பிடித்தது அதன் வரிசை: முதலில் உரியவரைத் தேடு, பங்கு பிரிப்பது அப்புறம். எட்டு நாட்களில் நாம் கண்டெடுத்தவை யாவும் ஆட்சியரின் கவனத்துக்கு உரியன அல்ல. இருபது காசு பித்தளை நாணயம் ஒன்று, தாமரை பொறித்தது, சாவி இரண்டு, வலைகளிலிருந்து அறுந்த ஈயக் குண்டுகள் ஒரு கைப்பிடி.

ஈயக் குண்டுகளை மீனவர் ஒருவரிடம் கொடுத்தோம். அதனால் செய்தி சீனிவாசபுரம் குடியிருப்புக்குள் பரவிற்று. ஒன்பதாம் நாள் மூதாட்டி ஒருவர் வந்து நின்றார். 2004 டிசம்பர் 26 காலை, கடல் ஊருக்குள் புகுந்தபோது, பேரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். திரும்பி வந்தபோது வீடு இல்லை. டிரங்குப் பெட்டியும் இல்லை. பெட்டிக்குள் அவருடைய தாயார் காலில் அணிந்திருந்த வெள்ளி மெட்டி இருந்தது.

“சாமி, இந்த மிஷின் வெள்ளிக்குச் சத்தம் போடுமா?”

போடும் என்றோம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று, கரை பலமுறை அரித்துப் போயிற்று, கனமான பொருள் மணலில் கீழே கீழே இறங்கிவிடும், இக்கருவி ஒரு சாண் ஆழத்துக்கு மேல் சிறு பொருளைக் கேட்காது என்றெல்லாம் சொன்னோம். உண்மையைச் சொல்வது நம் கடமை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தெரியும் சாமி. சும்மா பாருங்க” என்றார்.

மெட்டி எவ்வாறு ஒலிக்கும் என்று நாம் இருவரும் அதுவரை கேட்டதில்லை. முகமாலையின் மாதிரித் துண்டு நினைவுக்கு வந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் குனிந்து, தம் காலிலிருந்த மெட்டிகளில் ஒன்றைத் திருகிக் கழற்றி நம் உள்ளங்கையில் வைத்தார். நான்கு விரல் ஆழத்தில் புதைத்து மணலைச் சமன் செய்தோம். அதற்குள் ஓர் அலை வந்து நம் காலடித் தடங்களையெல்லாம் அழித்துவிட்டுப் போயிற்று.

புதைத்த இடம் நமக்கே தெரியவில்லை. பெரியவர் முகம் வெளுத்தது. இருக்கின்ற ஒன்றையும் தொலைத்துவிட்டோமே என்று நமக்கு நெஞ்சு படபடத்தது. மூதாட்டியோ இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். வளையத்தை வலமிருந்து இடமாக வீசிக்கொண்டே போனோம். ஐந்தாம் வீச்சிலோ ஆறாம் வீச்சிலோ, சோடா மூடியின் கரகரப்பும் ஆணியின் முனகலும் இன்றி, உயர்ந்து தெளிந்த ஒலி ஒன்று எழுந்தது. ஒலிவாங்கியைக் கழற்றி மூதாட்டியின் காதுகளில் மாட்டி, கோலை மீண்டும் அவ்விடத்தின்மேல் செலுத்தினோம். அவர் கண்களை மூடிக்கொண்டார். இன்னொரு முறை என்று விரலால் காட்டினார். பிறகு நாம் தோண்டினோம். மெட்டியைக் கடல்நீரில் அலம்பி விரலில் மாட்டிக்கொண்டு, குடியிருப்பின் பழைய வரிசை இருந்த பக்கத்தைக் காட்டி, “அங்கேயிருந்து ஆரம்பிங்க சாமி” என்றார்.