பெட்ரோல் பம்ப் புகட்டிய பாடம்

பெரிய கண்டுபிடிப்புகளுக்கே வரலாறு உண்டு என்று நாம் எண்ணிவிடுகிறோம். பழுதுகளுக்கும், அவற்றின் காரணத்தை மனிதன் தேடிக் கண்ட முறைக்கும் வரலாறு உண்டு. மோட்டார் வண்டியில் பெட்ரோல் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குச் சென்ற வழியைக் கொண்டு அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் செய்த 'மாடல் டி' வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. பெரும்பாலானவற்றில் இருக்கையின் அடியில் தொட்டி; அதனினும் தாழ்வில் கார்ப்பரேட்டர். பள்ளம் நாடும் வெள்ளம் போலப் பெட்ரோல் தானே இறங்கியது. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் வண்டியின் முன்புறம் உயர்ந்துவிடும். பெட்ரோல் வராமல் எஞ்சின் நிற்கும். ஆகவே வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மலையேறினார்கள். பழுதின் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, பரிகாரமும் எளிதாயிற்று.

அடுத்து, எஞ்சினின் உறிஞ்சும் ஆற்றலாலேயே பெட்ரோலை மேலேற்றும் முறை வந்தது. எஞ்சினுக்கு முழு வலிமையும் வேண்டிய நீண்ட ஏற்றத்தில்தான் அந்த உறிஞ்சல் தளர்ந்தது! இக்குறையை நீக்கிய வழிகளுள் ஒன்று மின்சார பம்ப். இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கி, 1926இல் மோரிஸ் வசமான எஸ்.யு. நிறுவனம் செய்த பம்ப், 1930களில் பல வண்டிகளில் இடம் பெற்றது. 1948 முதல் 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேல் உற்பத்தியான மோரிஸ் மைனரிலும் அதுவே பணி செய்தது.

அது இயங்கும் விதம் எளிது. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஒரு சவ்வை இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். இழுப்பு முடிந்ததும் 'பாயிண்ட்' எனப்படும் இரு உலோக முனைகள் விலகி மின்சாரத்தைத் துண்டிக்கும். சுருள்வில் சவ்வைத் தள்ள, பெட்ரோல் கார்ப்பரேட்டருக்குச் செல்லும். முனைகள் மீண்டும் கூடும். ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஓர் ஒலி எழும். சாவியைத் திருப்பியதும் அவ்வொலி விரைந்து கேட்டு, கார்ப்பரேட்டர் நிரம்ப நிரம்பத் தணிந்து, பின் ஓயும்.

இங்கேதான் புதுச் சிக்கல் தோன்றியது. வண்டி நின்றால் காண்பது பெட்ரோல் பஞ்சம். காரணமோ மின்சாரமாக இருக்கலாம். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பயனின்றிச் சோர்ந்தவர் பலர். வேறு சிலர் பம்பை மெல்லத் தட்டினர், அதுவும் ஓடியது! தீய்ந்த முனைகள் அதிர்ச்சியால் ஒருகணம் கூடியதே அதன் காரணம். நோய் அப்படியே இருந்தது. அடுத்த ஊருக்குள் வண்டி மீண்டும் நின்றது.

தேர்ந்த மெக்கானிக் முதலில் செவி கொடுத்துக் கேட்டார். ஒலி ஓயாமல் விரைந்து கேட்டால் மின்சாரம் வருகிறது; தொட்டி வறண்டிருக்க வேண்டும், அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்க வேண்டும். ஒலியே இல்லையெனில், பம்புக்கு வரும் கம்பிக்கும் வண்டியின் இரும்பு உடலுக்கும் இடையே சிறு பல்பைப் பொருத்திப் பார்த்தார். எரியாவிட்டால் குறை சாவிப்பக்கத்துக் கம்பியில். எரிந்தால், மின்சாரம் சுற்றுவதற்கு வேண்டிய 'எர்த்' இணைப்பைச் சோதித்தார். துருப்பிடித்த ஒரு திருகே வண்டியை நிறுத்தப் போதும். அதுவும் நன்றாக இருந்தால்தான் முனைகளைத் தேய்த்துத் துலக்கப் பம்பைத் திறந்தார். பெட்ரோல் ஆவியும் மின்பொறியும் ஜன்மப் பகை. ஆதலால் குழாயைத் தளர்த்துமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றினார்.

1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டியில் போஷ் நிறுவனத்தின் மின்னணுப் பெட்ரோல் செலுத்து முறை வந்தது. இன்று பழைய எஸ்.யு. பம்புகளிலும் சிலர் முனைகளுக்குப் பதில் டிரான்சிஸ்டர் பொருத்துகின்றனர். கருவிகள் மாறின, ஆராயும் வரிசை மாறவில்லை.

மாணவர்களே, தட்டியவரும் வண்டியை ஓட்டினார், சோதித்தவரும் ஓட்டினார். முன்னவர் காரணம் அறியாமல் போனார். பின்னவர் அறிந்து போனார். கணக்கில் விடை தவறும்போதும், வாழ்வில் காரியம் தவறும்போதும், ஒவ்வொரு படியாகச் சோதித்து இந்த இரண்டாமவர் வழியில் செல்லுங்கள்.