தாயகப் பயணமும் விடுப்புரிமையும்: ஈப்போ வட்டாரத் தோட்டத் தொழிலாளரும் படைவீரரும்

முன்னுரை

பேரா மாநிலத்தில் ஈப்போ நகரையொட்டி அமைந்துள்ள ஜெலாப்பாங், இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்கூடங்களும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் சூழ்ந்த ஓர் ஊராகும். கிந்தா பள்ளத்தாக்கின் ஏனைய ஊர்களைப் போன்றே இதன் பழைய வாழ்வும் ஈயத்தோடும் இரப்பரோடும் பிணைந்தது. இவ்வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர் ஒருவர் தம் ஊருக்குச் செல்ல விரும்பினால் ஈப்போவில் தொடர்வண்டி ஏறிப் பிறை சென்று, அங்கிருந்து படகில் பினாங்குத் தீவை அடைந்து, கப்பலில் ஐந்தாறு நாள் கடலில் கழித்து நாகப்பட்டினத்தில் இறங்க வேண்டும். அதே தொடர்வண்டியிலும் அதே துறைமுகத்திலும் வெள்ளைத் துரைமாரும், பிற்காலத்தில் படைவீரரும் தத்தம் தாயகம் நோக்கிப் பயணம் செய்தனர். வழி பெரும்பாலும் ஒன்றே. பயணச் செலவை யார் ஏற்றனர் என்பதே வேறு.

தொலைவான, கடினமான இடங்களில் பணியாற்றுவோர்க்கு ஊர் சென்று திரும்பும் செலவை வேலை கொடுப்போரே ஏற்கும் வழக்கம் படைத்துறையிலும் ஆட்சித்துறையிலும் நெடுங்காலமாக இருந்து வருவது. தமிழர் மலாயாக் குடிபெயர்வைக் கெர்னியல் சிங் சந்து, சி. அரசரத்தினம் முதலிய அறிஞர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். எனினும், விடுப்புப் பயணம் என்னும் இச்சிறு பொருளைத் தனியே எடுத்துப் பார்ப்பது பயனுடையதென இக்கட்டுரையாளர் கருதுகிறார். தமிழ்த் தொழிலாளியின் தாயகப் பயணத்துக்கு நிதி இல்லாமற் போனதன்று. இருந்த நிதி எப்போது, எதன்பொருட்டு அவருக்குக் கிடைத்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

துரைமார் பெற்ற விடுப்பு

மலாயாத் தோட்டங்களில் பணிக்கு வந்த ஐரோப்பிய உதவி நிர்வாகி பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தார். அது முடிந்ததும் சம்பளத்துடன் கூடிய பல திங்கள் விடுப்பும் கப்பற் கட்டணமும் அவருக்குக் கிடைத்தன. வெப்ப நாட்டில் இடைவிடாது தங்கினால் ஐரோப்பியரின் உடலும் மனமும் சோர்ந்துவிடும் என்னும் அக்கால மருத்துவக் கருத்து இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. இடையிடையே இளைப்பாறத் தைப்பிங்கின் மலை வாசத்தலமும் பின்னர்க் கேமரன் மலையும் இருந்தன.

இந்தியாவில் இவ்வழக்கம் சட்டத் தெளிவோடு அமைந்தது. 1924-இல் அறிக்கை அளித்த லீ ஆணையம், உயர்பணி அலுவலர் தமக்கும் தம் மனைவிக்கும் பணிக்காலத்தில் நான்கு முறை தாயகம் சென்று திரும்பும் கப்பற் செலவை அரசே ஏற்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆசியாவைத் தாயகமாகக் கொள்ளாத அலுவலர்க்கே இது உரியது என்பதும் அதன் நிபந்தனை. ஒரே பணியில், ஒரே தகுதியில் இருந்த இந்திய அலுவலர் இதில் அடங்கார். அவர் பிறந்த நாட்டிலேயே பணியாற்றினார் என்பதால் இந்த வேறுபாட்டுக்கு ஓரளவு நியாயம் கூறலாம். கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளியைப் பொறுத்தவரை அந்த நியாயமும் இல்லை. தாயகம் விட்டு வந்தவர்க்கு அங்குச் சென்றுவரும் உரிமை உண்டு என்பதே கொள்கையாயின், மலாயாவில் அதற்கு முதலில் உரியவர் அவரே.

நிதியம் யாருக்காக

ஒப்பந்தக் கூலிமுறையில் மலாயாவுக்கு ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழித் தமிழர் குடிநுழைவு நிதியம் உருவாயிற்று. பின்னர் இது இந்தியர் குடிநுழைவு நிதியம் எனப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள், அவர்கள் செய்த வேலை நாள்களைக் கணக்கிட்டுக் காலாண்டுதோறும் இதற்குப் பணம் செலுத்தினர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களின் செலவு, தொடர்வண்டிக் கட்டணம், கப்பற் கட்டணம், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் தடுப்புக் காவலில் வைத்திருக்கும் செலவு ஆகியவற்றை நிதியம் ஏற்றது. இதனால், தொழிலாளி தலையில் பயணக் கடன் இல்லாமல் கரையிறங்கினார். முந்தைய முறைகளோடு ஒப்பிட இது பெரிய முன்னேற்றமே. இதனை மறுத்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆயினும் பணம் பாய்ந்த திசையை நோக்க வேண்டும். ஊருக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி, உடல்நலமும் வேலையும் உள்ளவராயின், பொதுவாகத் தம் சேமிப்பிலிருந்தே கப்பற் சீட்டு வாங்கினார். மூன்று நான்கு திங்கள் ஊரில் தங்கிக் கைப்பணம் கரைந்ததும் நாகப்பட்டின முகாமில் வந்து நின்றால், நிதியம் அவரை மீண்டும் செலவின்றி ஏற்றி அனுப்பியது. கங்காணியின் துணையின்றி இவ்வாறு தாமே வந்து உதவி பெற்றோரின் தொகை 1920-களின் பிற்பகுதியிலிருந்து மிகுந்தது. தாயகம் செல்லும் வழி சொந்தச் செலவு. வேலைக்கு வரும் வழி நிதியச் செலவு. விடுப்புப் பயண உதவியின் நேர்மாறான வடிவம் இது எனலாம்.

சொந்தச் செலவு என்பதன் எடையைக் கூலிக்கணக்கால் உணரலாம். 1920-களின் இறுதியில் எளிதிற் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் அளவுக் கூலியாக இருந்தன. திங்களுக்கு 25 நாள் தவறாமல் பேர் விழுந்தாலும் ஆணின் வருவாய் பன்னிரண்டரை வெள்ளியே. அதில் அரிசிக்கும் கடைப்பற்றுக்கும் போக எஞ்சியதைக் கொண்டே குடும்பத்தோடு கடல் கடக்க வேண்டும். மேலும், அவர் இல்லாத நாளுக்குப் பேர் விழாது. துரைக்கு விடுப்பில் சம்பளம் ஓடியது. தொழிலாளிக்கு விடுப்பு என்பதே கூலியிழப்பு.

தோட்டத்திலிருந்து ஒருவர் பிறர் செலவில் ஊர் செல்லும் வழி ஒன்று இருந்தது. அவர் கங்காணியாக உரிமம் பெறுவதே அது. தோட்டத்து வேலையாளே உரிமம் பெற்றுத் தம் சொந்த ஊருக்குச் சென்று உற்றார் உறவினரை அழைத்து வருவார். அவருடைய பயணத்துக்குப் பணம் உண்டு. ஏனெனில் அவர் தனியே திரும்புவதில்லை. தாயகப் பயணம் ஆள் சேர்ப்பாக மாறும்போது மட்டுமே தோட்ட உலகம் அதற்குச் செலவிட முன்வந்தது என்பது இதனாற் புலனாகும்.

விடுப்பன்று, திருப்பியனுப்புதல்

1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளும் தொழிலாளிக்குச் சில பாதுகாப்புகளை அளித்தன. வந்த குறிப்பிட்ட காலத்துக்குள் நோயுற்றாலோ, வேலை ஒவ்வாமற் போனாலோ, முதலாளி முறைகேடாக நடத்தினாலோ செலவின்றித் தாயகம் திரும்பக் கோரலாம். இந்திய அரசின் பேராளர் ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்து இவற்றைக் கண்காணித்தார். இவ்விதிகளின் சொல்லாட்சியிலேயே பொருள் அடங்கியுள்ளது. திரும்பி வருவதற்கான பயணமன்று அது, போய்விடுவதற்கான பயணம்.

அந்தப் பயணத்துக்குப் பணம் எவ்வளவு தாராளமாகக் கிடைத்தது என்பதை 1930-களின் பொருளாதார மந்தம் காட்டிற்று. 1932-இல் ஓர் இறாத்தல் இரப்பர் 10 காசுக்கும் கீழே விற்றது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன, கூலி வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியர் நிதியத்தின் செலவிலும் அரசின் செலவிலும் திருப்பியனுப்பப்பட்டனர். ஈப்போ வட்டாரத்தில் இரப்பரோடு ஈயமும் வீழ்ந்தமையால் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறும் வாய்ப்பும் குறைந்திருந்தது. பத்தாண்டு உழைத்தும் ஒருமுறை ஊர் சென்றுவரச் சீட்டுப் பெறாத தொழிலாளி, வேலை இல்லை என்றானதும் சில நாள்களில் சீட்டுப் பெற்றார். பட்டினியில் விடாமல் அனுப்பியது நன்மையே என்று அக்கால அலுவலர் வாதிட்டனர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், வேலையற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு மலாயாவிலிருந்து தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டச் சிற்றூர்களுக்கு மாற்றப்பட்டது என்பதும் அவ்வளவே உண்மை.

1934-க்குப் பிறகு இரப்பர் விலை தேற, கப்பல்கள் மீண்டும் இப்பக்கம் நிறைந்து வந்தன. 1936 டிசம்பரில் வந்து நிலைமையை ஆராய்ந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார், கங்காணி முறையைக் கைவிடலாம் என்றார். 1938-இல் கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஜூனில் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தது. தொழிலாளரைக் காக்க எடுத்த முடிவே அது. எனினும், ஊருக்குச் சென்றால் நாகப்பட்டின முகாம் மீண்டும் ஏற்றிவிடும் என்ற பழைய உறுதி அத்தோடு போயிற்று. 1941 டிசம்பரில் போர் மூண்டதும் கடல்வழியே அடைபட்டது.

அவசரகாலமும் கூர்க்காப் படையினரும்

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் கிந்தா பள்ளத்தாக்கு முதன்மையான போர்க்களங்களுள் ஒன்று. ஈப்போ படையினர் நடமாட்டம் மிகுந்த நகராயிற்று. புறம்போக்குக் குடியிருப்பாளர் புதுக்கிராமங்களிற் குடியமர்த்தப்பட்டனர். தோட்டப்புறத் தமிழர் முட்கம்பி வேலியும் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் கண்டனர். இக்காலத்தில் மலாயாவில் பணிபுரிந்தோருள் நான்கு கூர்க்காப் படைப்பிரிவுகளின் எட்டுப் பட்டாளங்கள் அடங்கும். இந்திய விடுதலைக்குப் பின் நேப்பாளம், இந்தியா, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகள் செய்த உடன்பாட்டின்வழி இவை பிரிட்டிஷ் படையைச் சேர்ந்தன.

கூர்க்கா வீரர்க்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ ஆறு திங்கள் நீண்ட விடுப்பு வழங்கப்பட்டது. கப்பலில் கல்கத்தா சென்று, தொடர்வண்டியில் இந்திய எல்லையை அடைந்து, அதன்பின் மலைப்பாதையிற் பல நாள் நடந்தே சொந்த ஊர் சேர முடியும். ஆகவே விடுப்பின் நீளம் வழியின் நீளத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவர்கள் செல்வந்தரல்லர், ஆசியரே, சம்பளமும் பிரிட்டிஷ் வீரரின் சம்பளத்தினும் குறைவே. இருந்தும் இவ்வுரிமை அவர்க்கு நிலைபெற்றது. இனம் ஒன்றே காரணமென்று கூறி ஆய்வை முடித்துவிட இயலாது என்பதை இச்சான்று உணர்த்துகிறது.

கட்டுரையாளர் கருத்தில் இரு காரணங்கள் உள. முதலாவது, பயிற்சி பெற்ற படைவீரரை இழப்பது படைக்குப் பெருஞ்செலவு. மரம் சீவுவோரை இழப்பது, 1938 வரை, தோட்டத்துக்குச் செலவன்று. அடுத்த கப்பலில் வேறொருவர் வருவார். இரண்டாவது, விடுப்பில் ஊர் சென்ற வீரரின் சீருடையும் சேமிப்பும் அடுத்த தலைமுறையைப் படைக்கு ஈர்த்தன. தோட்டத்தில் இப்பணியைக் கங்காணி தனியொருவராகச் செய்தமையால், ஏனையோரின் பயணம் தேவைப்படவில்லை.

சீட்டும் மறுநுழைவும்

போருக்குப் பின் தாயகப் பயணத்தின் பெயராகவே ஆகிவிட்டது ‘ரஜூலா’. 1926-இல் கட்டப்பட்ட இக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேற்றளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என 1973 வரை ஓடிற்று. தகரப் பெட்டியும் பாயுமாக மேற்றளத்தில் இடம்பிடித்த பயணத்தை நினைவுகூராத மூத்த தலைமுறைத் தமிழர் மலேசியாவில் அரியர்.

ஆனால், 1950-களில் சீட்டுக்குப் பணம் சேர்ப்பது மட்டும் போதவில்லை. 1953 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் குடியுரிமையற்றோரின் வருகையைக் கட்டுப்படுத்தியது. ஊர் சென்றவர் திரும்பிவர மறுநுழைவு அனுமதி தேவைப்பட்டது. விடுப்பு என்பதன் மறுபாதி, விட்டுச்சென்ற வேலையும் இடமும் திரும்பும்வரை காத்திருக்கும் என்னும் உறுதி. படைவீரர்க்கு அது கட்டளையாகவே வந்தது. தொழிலாளர்க்குத் தாளில் எழுதப்பட்ட கெடுவாக வந்தது. 1969-க்குப் பின் வேலை அனுமதி முறை கடுமையானபோது, குடியுரிமை பெறாத இந்தியருள் ஏறத்தாழ 60,000 பேர் நாடு திரும்பினர் என மதிப்பிடப்படுகிறது. அவருட் பலர் ஒருமுறைகூட விடுப்பில் ஊர் சென்றிராதவராய் இருத்தல் கூடும்.

மலேசியாவில் இன்று, தம் வட்டாரம் விட்டுச் சபாவிலும் சரவாக்கிலும் பணியாற்றும் தீபகற்ப அரசு ஊழியர்க்குப் பிறந்த வட்டாரம் சென்றுவரும் பயணச் செலவை அரசு ஏற்கிறது. ஆசிரியரும் இதிற் பயன்பெறுவர். ஈப்போவிலிருந்து அங்குச் சென்று கற்பித்த தமிழாசிரியர் இவ்வுரிமையை நன்கறிவர். இந்திய நடுவணரசு ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை 1956-இல் வந்தது.

குடிநுழைவு நிதியத்தில் எஞ்சிய பணம் 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியம் என்னும் பெயர் பெற்றது. முதுமையுற்ற தொழிலாளரைப் பராமரிப்பதும் விரும்பியோரைத் தாயகம் அனுப்புவதும் அதன் பணிகளுள் அடங்கின. அது 1999-இல் கலைக்கப்பட்டது. ‘ரஜூலா’வுக்குப் பின் இவ்வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்குள்ளாயிற்று. பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான பயணிகள் போக்குவரத்து அத்தோடு நின்றது.