விண்ணோடம் ஏறிய மடிக்கணினி

கடுஞ்சூழலில் உழைக்கும் மடிக்கணினிகளுள் முன்னோடி, 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிரிட் காம்பஸ் ஆகும். அதன் கூடு மக்னீசியக் கலவையால் ஆயது. உறுதியோடு உள்வெப்பத்தையும் வெளியேற்ற வல்லது. நினைவகமோ சுழலும் தட்டன்று; அசையும் உறுப்பேதுமற்ற காந்தக் குமிழ் நினைவகம். ஆதலின் அதிர்ச்சியைத் தாங்கிற்று.

1983 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் அது ஏறியது. மாணவர்களே, அங்கே ஓர் இடருண்டு. எடையற்ற நிலையில் சூடான காற்று மேலெழாது. மேல், கீழ் என்பதே அங்கில்லையன்றோ! கூட்டைச் சுற்றி வெப்பம் தேங்கிவிடும். ஆகவே விசிறியொன்றைப் பொருத்தியனுப்பினர். மக்னீசியக் கூட்டினும் அந்த முன்யோசனையையே நான் பெரிதென மதிக்கிறேன். பூமியின் எப்பகுதிக்கு மேலே செல்கின்றனர், அடுத்து எந்தத் தரைநிலையத்தோடு பேசலாம் என்பவற்றை ஆறு வீரர்களும் அக்கணினியின் திரையிற் கண்டனர்.