மூணு மூணா ஏறும் எண்கள்

அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவள் நோட்டில் தீக்குச்சிச் சதுரங்கள் வரிசையாக ஒட்டி நின்றன. ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, பக்கத்தில் இன்னொன்று சேர்த்தால் 7, மூன்றுக்கு 10, நான்குக்கு 13. அட்டவணை அத்தோடு முடிந்து, நூறு சதுரத்துக்கு எத்தனை குச்சி என்ற கேள்வி கீழே இருந்தது.

"மூணு மூணா ஏறுது சித்தப்பா" என்றாள். சதுர எண்ணிக்கையை மூன்றால் பெருக்கிப் பார்த்தாள். 3, 6, 9, 12. எதுவும் ஒத்துவரவில்லை. அடித்துவிட்டு இரண்டு வரிசையையும் திரும்பப் பார்த்தவள், "எல்லாத்துலயும் ஒண்ணு குறையுது!" என்றாள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. நூறுக்கு 301.

எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டு எவ்வளவு ஏறுகிறது என்று அவள் பார்த்தாளே, அந்தப் பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. அட்டவணை அதைவிடப் பழையது. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர் வர்க்கம், கனம், தலைகீழி ஆகியவற்றைக் களிமண் பலகைகளில் அட்டவணையாக எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தாலமி, வட்ட நாண்களின் நீளத்தை அரைப் பாகை இடைவெளியில் பட்டியலிட்டார். வேண்டிய எண்ணை அதில் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆரியபட்டரின் பட்டியல் வேறு மாதிரி. கி.பி. 499-ஐ ஒட்டி அவர் இயற்றிய ஆரியபட்டீயத்தில் சைன் அட்டவணை ஒரே ஒரு செய்யுளுக்குள் அடங்கியிருக்கிறது. கால் வட்டத்தை 24 பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எண்ணை எழுத்துக் குறியீட்டில் சொல்கிறார். அந்த எண்கள் சைன் மதிப்புகள் அல்ல, ஒரு மதிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசங்கள். 225, 224, 222, 219, 215, 210 என்று குறைந்துகொண்டே வந்து கடைசியில் 7. வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் மதிப்புகள் கிடைக்கும். 24-ஐயும் கூட்டினால் 3438, அவர் எடுத்துக்கொண்ட ஆரம்.

வித்தியாசம் ஏன் இப்படிக் குறைகிறது? அதற்கும் விதி தருகிறார். அதுவரை வந்த கூட்டுத்தொகையை 225-ஆல் வகுத்து, வருவதை முந்தைய வித்தியாசத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று அதை விளக்குவார்கள். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முதலில் 225, 225-ஆல் வகுத்தால் 1, கழித்தால் 224. இதுவரை கூட்டுத்தொகை 449, வகுத்தால் ஏறக்குறைய 2, மிச்சம் 222. பிறகு 671, ஏறக்குறைய 3, மிச்சம் 219. ஏற்றத்தைக் கண்டதோடு நிற்காமல் ஏற்றத்தின் மாற்றத்தையும் ஒரு விதிக்குள் பிடித்திருக்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கழித்தலும் வகுத்தலும் இதற்குப் போதும். ஆனாலும் இதை நம் வகுப்பறைகளில் காட்டுவதில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஒன்றைச் சார்ந்து இன்னொன்று மாறும் இந்த உறவுக்குப் பெயர் பிந்தித்தான் வந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் 'ஃபங்ஷன்' என்ற சொல்லை 1673-ல் லைப்னிட்ஸ் எழுதினார். அதற்கு இன்றுள்ள குறியீட்டைத் தந்தவர் ஆய்லர், 1734-ல். தமிழில் நாம் வைத்துக்கொண்ட 'சார்பு' பொருளை இன்னும் நன்றாகவே காட்டுகிறது. குச்சிகளின் எண்ணிக்கை சதுரங்களின் எண்ணிக்கையைச் சார்ந்து நிற்கிறது.

வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போகும் ஆரியபட்டரின் வழியைப் போன்ற ஒன்றை இலண்டனில் சார்லஸ் பாபேஜ் 1822-ல் இயந்திரத்தில் ஏற்றினார். அச்சிட்ட கணித அட்டவணைகளில் மலிந்திருந்த பிழைகள் அவரை இதில் இறக்கின. மாதிரி இயந்திரத்தில் அவர் போட்டுக் காட்டிய கோவைகளில் ஒன்று, ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுவது. பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் 41, 43, 47, 53. வித்தியாசம் 2, 4, 6. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் எப்போதும் 2. ஆகவே அடுத்த எண்ணுக்குப் பெருக்கலே வேண்டாம்: ஆறோடு 2 சேர்த்து 8, 53-உடன் 8 சேர்த்து 61. கூட்டத் தெரிந்த பற்சக்கரம் போதும். முழு இயந்திரத்தை அவரால் கட்டி முடிக்க முடியவில்லை. அவருடைய இரண்டாம் வரைபடத்தை வைத்து இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல் கட்டியது, வேலை செய்தது.

பள்ளிக்கு இந்தச் சார்புப் பார்வை வந்தது இருபதாம் நூற்றாண்டில். ஒன்றைச் சார்ந்து இன்னொன்று மாறுவதைக் காணும் பழக்கம் பள்ளிக் கணிதத்தின் நடுவில் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியில் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் முன்னின்ற மெரான் பாடத்திட்டம் 1905-ல் வற்புறுத்தியது. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் 1957-ல் ராபர்ட் டேவிஸ் தொடங்கிய மேடிசன் திட்டம் அதைச் சிறுவர் விளையாட்டாக்கியது. ஒரு குழு மனதுக்குள் ஒரு விதியை வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் எண்ணைச் சொல்ல, பதில் வரும். இரண்டையும் அட்டவணையில் எழுதி விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலில் சார்பைக் குறிக்கும் நான்கு முறைகளில் அட்டவணையும் ஒன்று.

அண்ணன் மகள் 301 எழுதியதும் நான் ஒன்று கேட்டேன்: "அந்த ஒண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?" யோசித்துவிட்டு முதல் சதுரத்தின் இடப்பக்கக் குச்சியைத் தொட்டாள். அது முதலிலேயே நிற்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்றே மூன்று. படத்திலிருந்து காரணம் கிடைத்ததும்தான் விதி உறுதியாகிறது.

ஆசிரியர்களும் பெற்றோரும் அந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும், ஏனென்றால் அட்டவணை ஏமாற்றும். ஒரு வட்டம் போட்டு அதன் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணையுங்கள். வட்டத்துக்குள் எந்த மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டக் கூடாது. ஒரு புள்ளிக்கு வட்டம் 1 பகுதி, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு 32 என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். இன்று இரவே வரைந்து, விரல் வைத்து எண்ணச் சொல்லுங்கள். 31தான் வரும்.